படியெடுப்பதா, கூப்பிடுவதா?
கணினித் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொழும்பிலுள்ள ஒரு நிதிக் கொம்பனிக்கு வீட்டிலிருந்தே ஆர்.பி.ஜி. மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். சேர்ந்து எட்டு மாதம். தேசிய அடையாள அட்டை இலக்கம் சரியா என்று பார்க்கும் ஒரு துண்டு எங்களிடம் இருக்கிறது. இனிமேல் அது 27 புரோகிராம்களுக்குத் தேவை. எங்கள் சீனியர், "கொப்பி மெம்பராகப் போடு, இருபது வருடமாக இங்கே அப்படித்தான் ஓடுகிறது" என்கிறார். புதிதாக வந்த ஒரு அண்ணா, "சப்ப்ரொசீஜராக எழுதி சேர்விஸ் புரோகிராமுக்குள் வை" என்கிறார். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை, என்னிடம்தான் வந்து வாதாடுகிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது, சேர்?
– ஒரு வாசகி, கல்முனை

பதில்: அந்த அண்ணா பேச்சைத்தான் மகள். ஆனால் சீனியரிடம் போய் "நீங்கள் சொன்னது பிழையாம்" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, கீழே அதற்கு வருகிறேன்.

இந்த உலகத்தோடு பழக்கமில்லாத வாசகர்களுக்காக முதலில் கொஞ்சம். ஐ.பி.எம். 1988இல் ஏ.எஸ்./400 என்று ஒரு கணினியை வெளியிட்டது. அதன் வாரிசுகள் இன்றும் வங்கி, காப்புறுதி, மொத்த வியாபாரம் என்று பல இடங்களில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது அதன் இயங்குதளத்தின் பெயர் ஐ.பி.எம். ஐ. அதில் பெரும்பாலும் எழுதுகிற மொழி ஆர்.பி.ஜி. ஒரே வேலையைப் பல புரோகிராம்கள் பங்குபோட அங்கே இரண்டு வழி உண்டு. கொப்பி மெம்பர் என்றால், அந்த வரிகளைத் தனியாக ஓரிடத்தில் எழுதிவைத்துவிட்டு, தேவையான புரோகிராமில் "அதை இங்கே கொண்டுவா" என்று ஒரு வரி போடுவது. கொம்பைல் ஆகும்போது, அதாவது எழுதியதை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போது, கொம்பைலர் முழுவதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். 27 புரோகிராம் என்றால் 27 வயிற்றிலும் அதே சோறு. சேர்விஸ் புரோகிராம் என்றால், அந்த வேலை சப்ப்ரொசீஜர் என்ற தனித் துண்டாக எழுதப்பட்டு, ஒரே ஒரு பொருளாக இயந்திரத்தில் தனியே இருக்கும். 27 புரோகிராம்களும் ஓடுகிற நேரத்தில் அதைக் கூப்பிட்டு விடையை வாங்கிக்கொள்ளும்.

இனி என் கதை. 1998இல் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கொம்பனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், அங்கே வேலை செய்தவர்கள் இதை வாசித்தால் சிரித்துக்கொள்வார்கள். அங்கே வற் வரி (பெறுமதி சேர் வரி) கணக்குப் பார்க்கும் துண்டு ஒரு கொப்பி மெம்பர். அதை அபூர்வமாகத்தான் தொட வேண்டி வந்தது, அதனால் அது நல்ல ஏற்பாடு என்றே நினைத்திருந்தோம். பிறகு 2016 வந்தது. அந்த வருடம் மே 2ஆம் திகதி வற் 11 வீதத்திலிருந்து 15 ஆனது. ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வர, திரும்பவும் 11. நவம்பர் 1ஆம் திகதி மறுபடி 15. ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை.

மே மாதம் கொப்பி மெம்பரில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். அரை நிமிட வேலை. மறுகா அதை இழுக்கிற புரோகிராம்களை எல்லாம் தேடிப் பிடித்து கொம்பைல் பண்ண வேண்டும். 31 இருந்தன. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதிலேயே போனது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அக்கா போன் பண்ணினார்: "தம்பி, திருகோணமலை டிப்போ இன்வொய்ஸ் மட்டும் ஏன் இன்னும் பதினொன்றில் வருகிறது?"

போய்ப் பார்த்தால், எங்களில் யாரோ ஒருவர் கொப்பி வரியைப் போடச் சோம்பல்பட்டு, மெம்பரில் இருந்ததை அப்படியே வெட்டி எடுத்து புரோகிராமுக்குள் ஒட்டியிருக்கிறார். ஒட்டியதோடு விடாமல் இரண்டு மாறியின் பெயரையும் மாற்றியிருக்கிறார். மெம்பரின் பெயரை வைத்துத் தேடினால் அது எப்படி அகப்படும்? அப்படி இன்னும் 11 புரோகிராம் கிடந்தன. கடைசியானது ஒக்டோபரில்தான் கைக்கு வந்தது.

நான் மட்டக்களப்புப் படுவான்கரையில் பிறந்தவன். சின்ன வயதில் எங்கள் ஊரில் வடமோடிக் கூத்துப் பழக்குவார்கள். சட்டங் கொடுக்கிற நாளில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டைத் தனித்தனியே எழுதிக் கையில் கொடுப்பார் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். இடையில் ஒரு தரு, அதாவது ஒரு பாட்டு, அவருக்குப் பிடிக்காமல் போனால் தன்னுடைய கொப்பியில் திருத்திவிடுவார். அன்று பழக வந்தவனுக்குத் திருத்தம் தெரியும், வயலுக்குப் போனவனுக்குத் தெரியாது. அடுக்குப் பார்க்கிற, அதாவது முழு ஒத்திகை பார்க்கிற அன்று ராசா புது வரியும் மந்திரி பழைய வரியும் பாடுவார்கள். பிற்பாட்டில் மட்டும் அந்தத் தொல்லை வராது. பிற்பாட்டுக்காரர்கள் ஒரே கூட்டமாக அண்ணாவியார் பக்கத்தில் நிற்பார்கள், களரிக்கு யார் வந்தாலும் அவர்கள்தான் எடுத்துப் பாடுவார்கள். அந்த ஒக்டோபர் மாதம் கொழும்பில் குளிர் அறையில் இருந்துகொண்டு எனக்கு ஞாபகம் வந்தது இதுதான்.

"வீதத்தை ஒரு ஃபைலில் திகதியோடு போட்டு வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே" என்று உங்களில் யாராவது இந்நேரம் நினைத்திருப்பீர்கள். சரி, வைத்திருக்க வேண்டும்தான். ஆனால் ஜூலைக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். ஜூனில் 15 வீதத்தில் விற்ற சரக்கு ஓகஸ்டில் திரும்பி வருகிறது. கிரெடிட் நோட் 15இல் போட வேண்டும். எங்கள் துண்டுக்கோ இன்றைய வீதம் மட்டும்தான் தெரியும். ஆகவே எந்தத் திகதியைப் பார்ப்பது என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சதத்தை ஒவ்வொரு வரியிலும் முழுமையாக்குவதா, அடிமொத்தத்தில் ஒரே தடவையா என்றும் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஃபைலில் போடக்கூடிய எண் இல்லை, கணக்குப் பார்க்கும் முறை. அந்த முறை 43 இடத்தில் சிதறிக் கிடந்தது.

ஒக்டோபரில் அதை ஒரே சப்ப்ரொசீஜராக எழுதி சேர்விஸ் புரோகிராமுக்குள் வைத்தேன், வீதங்களையும் திகதியோடு ஒரு ஃபைலில் போட்டேன். 43 புரோகிராமையும் இன்னொரு தடவை தொட வேண்டி வந்தது, அது உண்மை. அந்தக் கடைசித் தடவைக்காக முதலாளியிடம் மூன்று வாரம் கேட்டேன், இரண்டு தந்தார். நவம்பர் 1ஆம் திகதி வற் மாறியபோது ஃபைலில் ஒரு வரி போட்டதோடு எனக்கு வேலை முடிந்தது. 2019 டிசம்பரில் 8 ஆனபோது, 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15 ஆனபோது, 2024 ஜனவரியில் 18 ஆனபோது, ஒவ்வொரு முறையும் ஃபைலில் ஒரு வரி. 2022இல் கல்லடியில் வீட்டிலிருந்து, மின்வெட்டு நேரத்தைப் பார்த்துப் பார்த்து அந்த ஒரு வரியைப் போட்டேன்.

இப்போது உங்கள் அடையாள அட்டைத் துண்டுக்கு வருவோம். அதைக் கொப்பி மெம்பராக வைத்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சாதாரணமாக அந்தத் துண்டு ஒரு சப்ரூட்டீனாக, அதாவது புரோகிராமுக்குள்ளேயே பெயர் வைத்துக் கூப்பிடும் பகுதியாக, இருக்கும். சப்ரூட்டீனுக்குச் சொந்த மாறி கிடையாது, புரோகிராமின் மாறிகள்தான் அதற்கும். உங்கள் துண்டு இலக்கத்தின் ஒன்பது எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்க "ஐ" என்ற மாறியை வைத்து ஒரு சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். அதை இழுத்த புரோகிராம் திரையிலுள்ள எட்டு வாடிக்கையாளரைப் பார்க்க அதே "ஐ"யை வைத்து இன்னொரு சுற்று ஓடுகிறது. முதல் ஆளைப் பார்த்ததும் "ஐ" 10 ஆகிவிடும். எட்டைத் தாண்டிவிட்டதால் வெளிச்சுற்று "முடிந்தது" என்று எண்ணிக்கொண்டு வெளியே வரும். பிழைச்செய்தி வராது. புரோகிராம் நிற்கவும் நிற்காது. மற்ற ஏழு பேரின் அடையாள அட்டையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நான் இதைக் கற்பனையில் எழுதவில்லை. சப்ப்ரொசீஜரில் உள்ளே அறிவித்த மாறி உள்ளேயே இருந்துவிடும், வெளியே இருக்கிற "ஐ"க்கும் அதற்கும் உறவே இல்லை.

அடையாள அட்டை இலக்கம் இலேசான விஷயம் என்றும் நினைக்காதீர்கள். பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 ஜனவரியிலிருந்து வருவது பன்னிரண்டு இலக்கம். பிறந்த வருடத்துக்கு அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500. அதிலும் எல்லா வருடத்தையும் 366 நாளாகவே எண்ணுவார்கள். லீப் வருடமோ இல்லையோ, மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள். இது தெரியாமல் எழுதிய துண்டு, லீப் இல்லாத வருடத்தில் மார்ச்சிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஒரு நாள் தள்ளிப் பிறந்தநாள் காட்டும். அப்புறம், ஒரே ஆள் உங்கள் ஃபைலில் பழைய இலக்கத்திலும் புதிய இலக்கத்திலும் இரண்டு பேராக இருக்கலாம். முன்னால் 19 போட்டு, நாளுக்கு அடுத்து ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் பழையது புதியதாகும். இவ்வளவையும் ஒரே இடத்தில் ஒருதடவை சரியாக எழுதுவீர்களா, 27 வயிற்றுக்குள் போடுவீர்களா?

இனி சீனியரின் நியாயம். கொப்பி மெம்பரால் ஆன புரோகிராம் ஒருதடவை கொம்பைல் ஆகிவிட்டால், மறுபடி கொம்பைல் பண்ணும்வரை அது மாறாது. மாத முடிவில் வட்டிக் கணக்கு ஓடும்போது, பக்கத்து மேசையில் இருப்பவர் எதையோ திருத்தியதால் உங்கள் புரோகிராமின் நடத்தை மாறாது. சேர்விஸ் புரோகிராமில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு பிழையை உள்ளே விட்டால் 27 புரோகிராமும் ஒரே காலையில் பிழையாக ஓடும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விதைக்கிறவர்களுக்கு இது புரியும்: மதகைப் பிழையாகத் திறந்தால் ஒருவரின் வயல் மட்டும் மூழ்காது. ஆகவே அந்த ஒரு பொருளை மாற்றும் உரிமை யாருக்கு, மாற்றுமுன் எதை வைத்துப் பரீட்சிப்பது என்று சீனியரோடு இருந்து முடிவு செய்யுங்கள். நல்ல இலக்கம், கெட்ட இலக்கம் என்று ஒரு நாற்பது உதாரணத்தை ஒரு ஃபைலில் போட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவற்றை ஓட்டிப் பார்க்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் காட்டுங்கள். அவருக்கு வேண்டியது அந்த நம்பிக்கைதான் என்று நினைக்கிறேன்.

அவருக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. ஒரு புரோகிராம் எந்தெந்த சேர்விஸ் புரோகிராமைப் பிடித்திருக்கிறது என்று டிஸ்பிளே புரோகிராம் ரெஃபரன்சஸ் கட்டளை காட்டும். எந்தக் கொப்பி மெம்பரை விழுங்கியது என்று அது காட்டாது. எனக்கு மே மாதம் தேவைப்பட்டது அந்தப் பட்டியல்தான்.

கொப்பி மெம்பரை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. சப்ப்ரொசீஜரின் புரோட்டோடைப்பை, அதாவது பெயர் இது, உள்ளே போவது இது, வெளியே வருவது இது என்ற அறிவிப்பை, கொப்பி மெம்பரில்தான் வைக்க வேண்டும். அதைக் கூப்பிடும் 27 புரோகிராமும் இழுக்கட்டும், சப்ப்ரொசீஜர் இருக்கும் மொடியூலும் (கொம்பைல் ஆகும் தனிப் பகுதி) அதையே இழுக்கட்டும். அப்போதுதான் அறிவிப்பும் உண்மையும் ஒத்துப்போகாவிட்டால் கொம்பைலர் அங்கேயே பிடிக்கும். கையால் 27 தடவை தட்டினால் யாரும் பிடிக்க மாட்டார்கள். ஃபைல் அமைப்புகள், மாறா எண்கள், டேட்டா ஸ்ட்ரக்சர் வடிவங்கள், இவையும் கொப்பி மெம்பருக்கு உரியவை. ஆக, சீனியரின் மெம்பரும் வேலைக்கு வருகிறது என்று அவரிடம் சொல்லலாம்.

கேள்வி: உங்களைப் போன்றவர்கள் சொல்வதைக் கேட்டு சேர்விஸ் புரோகிராம் செய்தேன். நன்றாக ஓடியது. போன வாரம் அதற்குள் ஒரு புது ப்ரொசீஜர் சேர்த்தேன், பழையதில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. அடுத்த நாள் காலை ஒன்றும் ஓடவில்லை, எங்கே பார்த்தாலும் எம்.சி.எச். 4431. எல்லாவற்றையும் திரும்பக் கட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. இதற்குக் கொப்பியே மேல் இல்லையா?
– ஒரு வாசகர், ஏறாவூர்

பதில்: கோபம் நியாயமானது தம்பி, ஆனால் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். சேர்விஸ் புரோகிராமை உருவாக்கும்போது "எல்லாவற்றையும் வெளியே கொடு" என்று ஓல் என்ற சொல்லைப் போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால், வெளியே தெரியும் பெயர்களை வைத்து இயந்திரம் ஒரு சிக்னேச்சர், அதாவது அடையாளக் குறி, செய்துகொள்ளும். புதுப் பெயர் ஒன்று சேர்ந்ததும் சிக்னேச்சர் மாறிவிடும். பழைய புரோகிராம்கள் பழைய சிக்னேச்சரைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் வந்து கதவைத் தட்டுகின்றன, உள்ளே விடவில்லை. 4431 என்பது அதுதான்.

இதற்குப் பைண்டர் மொழியில், அதாவது கொம்பைல் ஆன பகுதிகளை இணைக்கும் பைண்டருக்குச் சொல்லும் மொழியில், ஒரு சின்ன சோர்ஸ் எழுத வேண்டும். ஐந்தாறு வரிதான். வெளியே கொடுக்கும் பெயர்களை நீங்களே வரிசையாக எழுதுவீர்கள். புதுப் பெயரை எப்போதும் கடைசியில் மட்டும் சேர்ப்பீர்கள். பழைய பட்டியலையும் "முந்தியது" என்று கீழே விட்டுவைப்பீர்கள். அப்போது பழைய சிக்னேச்சரும் செல்லும், புதியதும் செல்லும், யாரையும் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. சிலர் சிக்னேச்சருக்குத் தாங்களே ஒரு நிரந்தரப் பெயர் வைத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான். அதில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் கூப்பிடும் புரோகிராம் ப்ரொசீஜரைப் பெயரால் ஞாபகம் வைத்திருப்பதில்லை, பட்டியலில் எத்தனையாவது என்பதைத்தான் வைத்திருக்கும். அழகுக்காக நீங்கள் அகர வரிசையில் அடுக்கினால், வரி கணக்குக் கேட்டவனுக்கு முகவரி தேடும் ப்ரொசீஜர் வந்து நிற்கும். கதவும் திறந்திருக்கும், 4431ம் வராது.

வரிசையை விட எனக்குப் பயம் இன்னொன்று. சிக்னேச்சர் பெயர்களையும் வரிசையையும் மட்டும்தான் பார்க்கும். உள்ளே அனுப்பும் பொருளின் நீளத்தை அது பார்ப்பதில்லை. அடையாள அட்டை இலக்கத்தைப் பத்து எழுத்தாக வாங்கிக்கொண்டிருந்த ப்ரொசீஜரைப் பன்னிரண்டாக மாற்றுகிறீர்கள். பழைய புரோகிராம் பத்து எழுத்துள்ள இடத்தின் முகவரியைத்தான் அனுப்பும். உங்கள் ப்ரொசீஜர் பன்னிரண்டை வாசிக்கும். கடைசி இரண்டு எழுத்து, நினைவகத்தில் பக்கத்து வீட்டில் என்ன இருந்ததோ அது. சில நாள் வெறுமை இருக்கும், சரியாக ஓடும். சில நாள் ஓடாது. எங்கள் இடத்தில் அது இரண்டு வாரம் கழித்துத்தான் வெளியே வந்தது.

நான் செய்வது இப்படி: பழைய ப்ரொசீஜரின் நீளத்தைத் தொடவே மாட்டேன். நீளம் மாறக்கூடிய ஒரு பொருளை மாறிலியாக வாங்கும் புது ப்ரொசீஜரை இன்னொரு பெயரில் எழுதி, பட்டியலின் கடைசியில் சேர்ப்பேன். பழையதன் உடம்பை அழித்துவிட்டு, அது புதியதைக் கூப்பிட்டு விடையை அப்படியே திருப்பிக் கொடுக்கும்படி ஒரு வரி எழுதுவேன். பழைய புரோகிராம்கள் தங்கள் பாட்டில் இருக்கும், எப்போதாவது வேறு வேலைக்காகத் திறக்கும்போது புதுப் பெயருக்கு மாற்றுவேன். கூடுதலாக ஒன்று மட்டும் வேண்டும் என்றால், வற் ப்ரொசீஜருக்குத் திகதி வேண்டியது போல, அதைக் கடைசியில் "அனுப்பாமலும் விடலாம்" என்று அறிவித்து, எத்தனை வந்தன என்று உள்ளே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. மத்தியானம் வரை கொம்பைல் பண்ணியிருக்கத் தேவையில்லை. சோர்ஸ் மாறாதபோது திரும்ப பைண்ட் பண்ணினாலே, அதாவது ஏற்கெனவே கொம்பைல் ஆன பகுதிகளை இணைத்தாலே, போதும். அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை வராது என்றாலும்.

கேள்வி: எங்கள் கைத்தறிக் கடைக்கு நானே பி.எச்.பி.யில் பில் போடும் மென்பொருள் எழுதினேன். சாரன், சாரி எல்லாம் சில்லறையாகவும் கொடுக்கிறோம், கொழும்பு வியாபாரிகளுக்கு மொத்தமாகவும் கொடுக்கிறோம். விலைக் கழிவு பார்க்கும் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். அதை இரண்டு இடத்தில் எழுதியது வெட்கமாக இருக்கிறது. ஒரே ஃபங்ஷனாக்கட்டுமா?
– ஒரு வாசகர், மருதமுனை

பதில்: வேண்டாம். வெட்கமும் வேண்டாம்.

மேலே இரண்டு பக்கத்துக்கு ஒன்றாக்கு, ஒன்றாக்கு என்று சொல்லிவிட்டு இப்போது மாற்றிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். வற் மாறினால் அது எல்லோருக்கும் ஒரே நாளில் மாறும், வர்த்தமானியில் வரும். அடையாள அட்டையும் அப்படித்தான். உங்கள் கழிவை மாற்றுவது யார்? சில்லறைக் கழிவை நோன்புப் பெருநாள் கூட்டத்தைப் பார்த்து உங்கள் வாப்பா மாற்றுவார். மொத்தக் கழிவைக் கொழும்பு வியாபாரி போனில் பேரம் பேசி மாற்றுவார். இன்று இரண்டும் ஒரே கணக்காக இருப்பது தற்செயல்.

ஒன்றாக்கினால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். முதலில் "மொத்தமா?" என்று ஒரு கொடி, அதாவது ஆம்/இல்லை என்று மட்டும் சொல்லும் மாறி, போடுவீர்கள். அடுத்த வருடம் "பழைய வாடிக்கையாளரா?" என்று இன்னொன்று. பிறகு "பெருநாள் காலமா?", "கடனுக்கா, காசுக்கா?". கொழும்பில் எங்கள் கழிவு சப்ப்ரொசீஜருக்கு ஒன்பது கொடி இருந்தது. எழுதியவன் நான்தான். வற்றில் வெற்றிபெற்ற ஆசையில் கண்ணில் பட்டதை எல்லாம் ஒன்றாக்கிக்கொண்டே போனேன். சில்லறைக்கு ஒரு மாற்றம் செய்தால் மொத்தத்தில் எது உடைகிறது என்று தெரியாமல், கடைசியில் அதைத் தொடவே பயந்து, மேலாளர்கள் கழிவைக் கையால் தட்டத் தொடங்கினார்கள். பிறகு அதை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் தேவையில்லாத கொடிகளை வெட்டி எறிய எனக்கு ஒரு மாதம் போனது. பிரித்த பிறகு ஒவ்வொன்றும் இருபது வரிகூட இல்லை.

உங்கள் மென்பொருளில் ஒன்றாக்க வேண்டியது எது என்று கேட்டால், பில் இலக்கம் கொடுக்கும் இடம், ரூபா சதத்தை எழுத்தில் எழுதும் இடம், முழத்தையும் மீற்றரையும் மாற்றும் இடம். இவை சில்லறைக்கு ஒன்று மொத்தத்துக்கு ஒன்று என்று எந்தக் காலத்திலும் பிரியப்போவதில்லை.

கேள்வி: சப்ரூட்டீன், சப்ப்ரொசீஜர் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பரீட்சைக்கு வேண்டும்.
– மாணவர் ஒருவர், வந்தாறுமூலை

பதில்: சப்ரூட்டீன் புரோகிராமுக்குள்ளேயே குடியிருக்கும். அதற்குப் பொருள் கொடுக்கவும் முடியாது, அது விடை தரவும் தராது, எல்லாம் பொது மாறிகள் வழியாகத்தான். சப்ப்ரொசீஜருக்குச் சொந்த மாறிகள் உண்டு, உள்ளே பொருள் வாங்கும், விடை திருப்பித் தரும், தன்னைத் தானே கூப்பிடவும் செய்யும், வேறு புரோகிராம்களுக்கும் கடன் கொடுக்கலாம். ஆர்.பி.ஜி. பிறந்தது 1959இல், அதன் நான்காம் தலைமுறை 1994இல் வந்தது, சப்ப்ரொசீஜர் அதற்கும் பிறகுதான் சேர்ந்தது. அதனால்தான் பழைய கொம்பனிகளில் சப்ரூட்டீன் குவிந்து கிடக்கிறது, எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்பதால் இல்லை. கடைசி வாக்கியத்தைப் பரீட்சையில் எழுத வேண்டாம்.

கேள்வி: இதையெல்லாம் பழகிப் பார்க்க ஆசை. ஆனால் அந்த இயந்திரத்தை இங்கே எங்கே தேடுவது?
– ஒரு வாசகி, அக்கரைப்பற்று

பதில்: தேட வேண்டாம் மகள். பப்400 என்று ஜேர்மனியில் ஒரு பொது இயந்திரம் இருக்கிறது, பழகுகிறவர்களுக்கு இலவசமாகக் கணக்குத் தருகிறார்கள். வி.எஸ். கோட் என்ற புரோகிராம் எழுதும் மென்பொருளை நிறுவி, அதில் கோட் ஃபோர் ஐ.பி.எம். ஐ என்ற நீட்சியைப் போட்டால் வீட்டு லப்டொப்பிலிருந்தே உள்ளே போகலாம். அந்த இயந்திரத்தின் பழைய பாணிப் பச்சை எழுத்துத் திரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். முதல் வேலையாக மேலே சொன்ன அடையாள அட்டை ப்ரொசீஜரை எழுதிப் பாருங்கள். உங்களுடைய இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள், பிறந்தநாள் சரியாக வந்தால் அம்மாவின் இலக்கத்தையும் போடுங்கள். மார்ச்சுக்குப் பிறகு பிறந்த ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.